அந்த அறையில் யார் யார் இருந்தார்கள்?



ஒரு சாக்ஸஃபோன் கலைஞரிடமிருந்து தொடங்குகிறேன். அவர் பெயர் ஈலை ஃபொன்டெய்ன். 1970 கோடையில் டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தார். மார்வின் கே பாடும் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாட்டுக்கு அவர் வாசிக்க வேண்டும். வாத்தியம் பதமாக இருக்கிறதா என்று சும்மா ஊதிப் பார்த்தார். டேப் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார் மார்வின். நான் இன்னும் வாசிக்கவே தொடங்கவில்லையே என்று இவர் திகைத்து நின்றார். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் இன்று உலகம் கேட்கிற சாக்ஸஃபோன், அவர் ஊதிப் பார்த்த அந்தச் சில நொடிகள்தான்.

அதே பாட்டில் இன்னொன்றும் நடந்தது. மார்வின் தன் குரலை இரண்டு விதமாகப் பாடி வைத்திருந்தார். எது நன்றாக இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, கென் சாண்ட்ஸ் என்ற ஒலிப்பதிவாளர் இரண்டையும் ஒரே டேப்பில் ஏற்றிக் கொடுத்தார். இரண்டும் தவறுதலாகச் சேர்ந்து ஒலித்தன. ஒரே மனிதன் தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டு பாடுவதுபோல இருந்தது. மார்வினுக்கு அது பிடித்துவிட்டது. அப்படியே வைத்துக்கொண்டார்.

பழைய சோல் ஆல்பங்கள் விரிவுபடுத்திய பதிப்பாக மறுபடி வர வேண்டும் என்று ரசிகர்கள் ஏன் இத்தனை ஆண்டுகளாகக் கேட்கிறார்கள் என்று என்னிடம் யாராவது விசாரித்தால், இந்த இரண்டு சம்பவங்களைத்தான் சொல்வேன். முப்பத்தைந்து, நாற்பது நிமிடங்களில் முடிந்துவிடும் ஓர் இசைத்தட்டு வானத்திலிருந்து இறங்கியதில்லை. ஓர் அறையில் பத்துப் பதினைந்து பேர் வியர்வை சிந்தி, தவறி, திருத்தி, மறுபடி தவறிச் செய்த வேலை அது. அந்த அறைக்குள் நம்மையும் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள் என்பதுதான் ரசிகரின் கோரிக்கை.

சோல் இசை என்றால் என்ன என்பது இங்கே பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும் ப்ளூஸும் கலந்து 1950-களின் பிற்பகுதியில் உருவெடுத்து, 60-களிலும் 70-களிலும் உச்சம் தொட்ட இசை அது. டெட்ராய்ட்டில் மோட்டவுன், மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ், நியூயார்க்கில் அட்லாண்டிக் ஆகிய மூன்று நிறுவனங்களின் பெயர் இன்று அடிக்கடி வரும்.

விரிவுபடுத்திய பதிப்பு என்பது என்ன? பழைய ஆல்பத்தை மட்டும் புதிய உறையில் போட்டு விற்பது மறுபதிப்பு. அதோடு, அன்று வெளிவராத பாடல்கள், வேறு டேக்குகள், மோனோ மிக்ஸ், பாடிப் பார்த்த மாதிரிப் பதிவுகள், அந்தக் காலத்து மேடைக் கச்சேரி, விரிவான குறிப்புகள் கொண்ட சிறு நூல் எல்லாம் சேர்ந்தால் விரிவுபடுத்திய பதிப்பு. ரசிகர்கள் டீலக்ஸ் எடிஷன் என்பார்கள்.

‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்துக்கு அப்படி ஒரு பதிப்பு 2001-இல் வந்தது. ஒரு நண்பர் வீட்டில், இரவு வெகு நேரத்துக்குப் பிறகு, ஹெட்ஃபோனில் அதை முதன்முதலாகக் கேட்டேன். அந்த ஆல்பம் எனக்கு மனப்பாடம் என்று நினைத்திருந்தவன் நான். அதில் டெட்ராய்ட் மிக்ஸ் என்று ஒன்று இருந்தது. விஷயம் இதுதான்: 1971 ஏப்ரலில் டெட்ராய்ட்டிலேயே முழு ஆல்பத்தையும் மிக்ஸ் செய்து முடித்துவிட்டார்கள். மார்வினுக்குத் திருப்தி வரவில்லை. லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போய் எல்லாவற்றையும் மறுபடி மிக்ஸ் செய்தார். மே மாதம் கடைக்கு வந்தது அந்த இரண்டாவது மிக்ஸ். முதலாவது முப்பது ஆண்டு டேப் அலமாரியில் கிடந்தது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் தெரியும். லாஸ் ஏஞ்சலீஸ் மிக்ஸில் குரலைச் சுற்றி ஒரு பனிமூட்டம் உண்டு. வயலின்கள் ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்கு நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். டெட்ராய்ட் மிக்ஸ் வறண்டது. எதிரொலி குறைவு. காங்கா மேளம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பதுபோல இருக்கும். பேஸ் கிட்டாரில் ஜேம்ஸ் ஜேமர்சனின் ஒற்றை விரல் தந்தியை இழுப்பது துல்லியமாகக் கேட்கும். இந்தப் பாட்டைப் பதிவு செய்ய, மதுக்கூடம் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்த ஜேமர்சனை அழைத்துவந்தார்கள், உட்கார முடியாத நிலையில் தரையில் படுத்தபடியே வாசித்தார் என்று சொல்வார்கள். அந்த விரலை முழுமையாகக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. இரண்டு மிக்ஸில் எது சிறந்தது என்று கேட்டால், மார்வின் கடைசியாகத் தேர்ந்ததுதான் சிறந்தது என்பேன். ஆனால் அவர் எதை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தார் என்று தெரிந்த பிறகுதான் அந்தத் தேர்வின் அருமை எனக்குப் புரிந்தது.

அந்த ஆல்பத்தின் உறையில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. வாத்தியக்காரர்களின் பெயரை அச்சிடும் வழக்கம் மோட்டவுனில் இல்லை. நூற்றுக்கணக்கான வெற்றிப் பாடல்களுக்கு வாசித்த அதே குழு, உறையில் பெயரில்லாமலே காலம் தள்ளியது. மார்வினின் இந்த ஆல்பத்தில் அவர்கள் பெயர்கள் அச்சாயின. ஜேமர்சன் 1983-இல் இறந்தார். அவர் வாசித்த எத்தனையோ பாடல்களின் மூல இசைத்தட்டில் இன்னமும் அவர் பெயர் கிடையாது. மறுபதிப்பின் சிறு நூலில்தான் அந்தக் கடனை அடைக்க முடியும்.

‘ஒதுக்கப்பட்ட பாட்டு என்றால் மட்டமானது என்றுதானே அர்த்தம், அதை ஏன் தோண்ட வேண்டும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மோட்டவுனின் வரலாற்றிலிருந்தே பதில் சொல்கிறேன். அங்கே வாரந்தோறும் தரக் கட்டுப்பாட்டுக் கூட்டம் நடக்கும். எந்தப் பாட்டு வெளிவரும், எது அலமாரிக்குப் போகும் என்று அங்கேதான் முடிவு. ‘ஐ ஹர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்’ என்ற பாட்டை 1967-இல் மார்வின் கே பாடிப் பதிவு செய்தார். நிறுவனம் அதை வெளியிடவில்லை. அதே பாட்டை வேறு மெட்டு நடையில் கிளாடிஸ் நைட் குழு பாடியது வெளிவந்து வெற்றி பெற்றது. மார்வினுடையது 1968-இல் ஓர் ஆல்பத்தின் நடுவில், இடம் நிரப்புவதுபோல, சேர்க்கப்பட்டது. வானொலி நிலையத்தார் அதைத் தாங்களாகவே எடுத்து ஒலிபரப்பத் தொடங்கினார்கள். பிறகு தனி இசைத்தட்டாக வந்து, ஏழு வாரம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அலமாரியில் தூங்கிய பாட்டு, அதுவரை அந்த நிறுவனம் கண்ட மிகப் பெரிய வெற்றிப் பாட்டானது. அலமாரியை ஒருவர் ஒரே ஒருமுறை திறந்ததால் கிடைத்தது இது. திறக்காமல் விட்டவை எத்தனை?

மோட்டவுனின் சுப்ரீம்ஸ் குழுவின் ரசிகர்கள் ஒவ்வொரு மறுபதிப்பு அறிவிப்பின்போதும் முதலில் தேடுவது ஃபிளாரன்ஸ் பாலார்டின் குரலை. குழு உருவாகக் காரணமாக இருந்தவர் அவர். பிறகு பின்னணிக் குரலாக ஒதுக்கப்பட்டு, 1967-இல் வெளியேற்றப்பட்டு, 1976-இல் 32 வயதில் இறந்துபோனார். அவர் தனித்துப் பாடிய ஒரு பாட்டு எங்கோ ஒரு டேப்பில் இருக்காதா என்பது அந்த ரசிகர்களின் ஏக்கம். இதை வெறும் சேகரிப்பு மோகம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாழும்போது கிடைக்காத நியாயத்தை, காதால் கேட்டாவது கொடுக்க நினைக்கிறார்கள்.

மெம்ஃபிஸுக்குப் போவோம். பழைய திரையரங்கு ஒன்றை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியது ஸ்டாக்ஸ். தரை திரையை நோக்கிச் சரிந்தபடியே இருந்தது. 1965 ஜூலையில் பாடகர் ஓட்டிஸ் ரெடிங் அங்கே ‘ஓட்டிஸ் ப்ளூ’ ஆல்பத்தைப் பதிவு செய்தார். 11 பாடல்களில் ஏறக்குறைய எல்லாமே ஒன்றரை நாளுக்குள். நடு இரவில் வாத்தியக்காரர்கள் வழக்கமான கச்சேரிகளுக்குப் போய் வாசித்துவிட்டு, விடிவதற்கு முன்பே திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார்கள். முந்தைய டிசம்பரில்தான் பாடகர் சாம் குக் சுடப்பட்டு இறந்திருந்தார். அவருடைய மூன்று பாடல்களை ஓட்டிஸ் இதில் பாடியிருக்கிறார். துக்கமும் தூக்கமின்மையும் அந்தக் குரலில் இருக்கின்றன.

இந்த ஆல்பத்தின் விரிவுபடுத்திய பதிப்பு 2008-இல் வந்தது. மோனோ, ஸ்டீரியோ இரண்டும் அதில் உண்டு. இரண்டு எதற்கு என்று கேட்கலாம். ‘ஐ ஹேவ் பீன் லவிங் யூ டூ லாங்’ பாட்டைக் கேளுங்கள். மோனோவில் இருப்பது அதே ஆண்டு முன்பே தனி இசைத்தட்டாக வந்த பதிவு. ஸ்டீரியோவுக்காக ஓட்டிஸ் அதை ஜூலையில் மறுபடியும் முழுதாகப் பாடினார். ஒரே பாட்டு, ஒரே மனிதர், சில மாத இடைவெளி. முதலாவதில் கெஞ்சுகிறார். இரண்டாவதில் கெஞ்சிக் களைத்த ஒருவர் பாடுகிறார். ஒன்றை மட்டுமே கேட்டு வளர்ந்தவருக்கு மற்றொன்று ஒரு புதிய பாட்டு. திரைப்படத்தில் வந்த பாட்டும் இசைத்தட்டில் வந்த பாட்டும் ஒன்றல்ல என்று சண்டை பிடித்தே வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஓட்டிஸ் 1967 டிசம்பர் 10 அன்று விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 26. இனி அவர் புதிதாக ஒரு வரியும் பாடப் போவதில்லை. 1966 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலீஸின் விஸ்கி அ கோ கோ அரங்கில் மூன்று இரவுகள் அவர் பாடியதெல்லாம் 2016-இல் ஆறு குறுந்தட்டுகளாக முழுமையாக வந்தன. ஒரே பாட்டு அதில் பலமுறை வருகிறது. அலுக்காதா என்று கேட்காதீர்கள். ஒரே ராகத்தை ஒரே பாடகரிடம் எத்தனை கச்சேரியில் கேட்டிருப்போம்?

இப்போது வருத்தமான பகுதிக்கு வருகிறேன். 1978 பிப்ரவரி 8 அன்று நியூஜெர்சி மாநிலம் லாங் பிராஞ்ச் ஊரில் ஒரு கட்டடம் எரிந்தது. முன்பு பல்பொருள் அங்காடியாக இருந்த கட்டடம். அட்லாண்டிக் நிறுவனம் தன் டேப்புகளை அங்கேதான் அடுக்கி வைத்திருந்தது. 5,000-க்கும் மேற்பட்ட டேப்புகள் சாம்பலாயின. வெளியான பாடல்களின் மாஸ்டர் டேப்புகள் பெரும்பாலும் நியூயார்க்கில் இருந்ததால் தப்பின. போனவை வெளியாகாத பாடல்கள், மாற்று டேக்குகள், ஒத்திகைகள். அதாவது, நான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கும் சரக்கு முழுவதும். 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யூனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்திலும் தீ விபத்து. அங்கே எத்தனை இசை டேப்புகள் போயின என்பது 2019-இல் பத்திரிகைச் செய்தியாக வெடித்து, இழப்பின் அளவு குறித்து நிறுவனத்துக்கும் பத்திரிகைக்கும் வாக்குவாதம் நடந்தது. பத்தாண்டுக்கு மேல் அந்தக் கலைஞர்கள் பலருக்கோ அவர்கள் குடும்பத்துக்கோ யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

தீ வேண்டாம், காற்றே போதும். 1970-களின் நடுவிலிருந்து தயாரான பல டேப்புகளில், காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கத் தொடங்கியது. அப்படியே ஓடவிட்டால் ஒலி உரிந்து இயந்திரத்தின் தலையில் ஒட்டிக்கொள்ளும். அதனால் 50, 55 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வாட்டி, ஈரத்தைப் போக்கிவிட்டு, உடனே ஒருமுறை ஓட்டிப் பிரதி எடுத்துவிட வேண்டும். இந்தச் செலவை ஒரு நிறுவனம் எப்போது செய்யும்? அந்த டேப்பிலிருந்து ஒரு பதிப்பு போட முடிவு செய்தால்தான் செய்யும். மறுபதிப்பு கேட்கும் ரசிகர், தனக்கே தெரியாமல், டேப்பைக் காப்பாற்றவும் சேர்த்துக் கேட்கிறார்.

ஸ்டாக்ஸின் கதையில் தீ இல்லை, ஒரு ஒப்பந்தம் இருந்தது. அட்லாண்டிக்குடன் செய்த விநியோக ஒப்பந்தத்தைச் சரியாகப் படிக்காமலே கையெழுத்திட்டிருந்தார் ஸ்டாக்ஸ் நிறுவனர் ஜிம் ஸ்டூவர்ட். 1968-இல் உறவு முறிந்தபோது, அதுவரை அட்லாண்டிக் விநியோகித்த பாடல்களின் உரிமை முழுவதும் அட்லாண்டிக்குக்கே என்று தெரிந்தது. வெறுங்கையோடு மறுபடி தொடங்கினார்கள். 1975 முடிவில் நிறுவனமே திவாலானது. கட்டடம் 1989-இல் இடிக்கப்பட்டது. ஒரே கூடத்தில் பிறந்த பாடல்கள் இன்று இரண்டு வேறு நிறுவனங்களின் கையில். ஓட்டிஸ் ஒரு வீட்டில், ஸ்டாக்ஸின் இன்னொரு பாடகரான ஐசக் ஹேயஸ் வேறொரு வீட்டில். அந்தக் கூடத்தின் முழு வரலாற்றையும் ஒரே பெட்டியில் கேட்க ஆசைப்படும் ரசிகருக்கு இது பெரிய தடை.

அந்தத் தடைக்கு நடுவிலும் ஓர் அற்புதம் நடந்தது. ஸ்டாக்ஸின் பாடலாசிரியர்கள் தங்கள் பாட்டைப் பாடகருக்குச் சொல்லிக் காட்டுவதற்காக, ஒரு கிட்டாரோ பியானோவோ வைத்துத் தாங்களே பாடிப் பதிந்த மாதிரிகள் ஏராளமாகச் சிதறிக் கிடந்தன. செரில் பாவெல்ஸ்கி என்ற தயாரிப்பாளர் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல், ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டிய டேப்புகளைக் கேட்டுக் கேட்டு, அவற்றைப் பொறுக்கி எடுத்தார். அந்தத் தொகுப்பு 2023 ஜூனில் ஏழு குறுந்தட்டுகளில் 146 பதிவுகளாக வெளியானது. ‘ரிட்டன் இன் தேர் சோல்’ என்பது தலைப்பு. அடுத்த ஆண்டு இரண்டு கிராமி விருதுகள் பெற்றது. நாற்காலி நகரும் ஓசை, வரி மறந்து சிரிப்பது எல்லாம் அதில் இருக்கின்றன.

அந்தத் தொகுப்பில் பெட்டி கிரட்சர் என்ற பெண்ணின் குரல் இருக்கிறது. ஆண்களே நிறைந்த அந்த எழுத்தாளர் கூட்டத்தில், ஜானி டெய்லர் பாடி 1968-இல் பெரும் வெற்றி பெற்ற ‘ஹூஸ் மேக்கிங் லவ்’ பாட்டைச் சேர்ந்து எழுதியவர். அவர் 2022 அக்டோபரில் இறந்தார். தொகுப்பு வெளிவந்தது எட்டு மாதம் கழித்து. ‘தாமதம்’ என்ற சொல்லுக்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் வெளியிட்டுவிட வேண்டும் என்று நான் சொல்கிறேனா? இல்லை. இங்கே பாடகி அரேத்தா ஃபிராங்க்ளினைப் பற்றிப் பேசியாக வேண்டும். 1972 ஜனவரி 13, 14 ஆகிய இரு இரவுகள் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு தேவாலயத்தில் அவர் பாடியது ‘அமேசிங் கிரேஸ்’ ஆல்பமாக வந்தது. 1999-இல் இரண்டு இரவுகளும் முழுமையாக, பாடிய வரிசையிலேயே வந்தன. பாதிரியாரின் பேச்சு, கூட்டத்தின் கூவல், இரண்டாம் இரவில் அரேத்தாவின் தந்தை எழுந்து பேசுவது எல்லாம் இருந்தன. அது என் வாழ்நாளில் கேட்ட மிகச் சிறந்த மறுபதிப்புகளில் ஒன்று. அதே இரவுகளை இயக்குநர் சிட்னி பொல்லாக் படமும் எடுத்திருந்தார். கிளாப் அடிக்காமலே எடுத்ததால் படத்தையும் ஒலியையும் இணைக்க முடியாமல் கிடந்தது. தொழில்நுட்பம் வளர்ந்து இணைத்த பிறகு, அதை வெளியிடக் கூடாது என்று அரேத்தாவே நீதிமன்றத்துக்குப் போனார். 2018 ஆகஸ்டில் அவர் இறந்த பிறகு, குடும்பத்தின் சம்மதத்தோடு அந்த ஆண்டே திரைக்கு வந்தது. நான் அதைப் பார்த்தேன். அழுதேன். பார்த்திருக்க வேண்டுமா என்று இன்றும் முழுத் தெளிவில்லை. உயிரோடு இருக்கும் கலைஞர் வேண்டாம் என்றால், அந்தச் சொல்லே கடைசிச் சொல். இதில் ரசிகரின் ஆசை குறுக்கே வரக் கூடாது.

ஆகவே ஸ்டீவி வொண்டர் விஷயத்தில் நான் பொறுமை காக்கிறேன். 1972 முதல் 1976 வரை அவர் தந்த ஐந்து ஆல்பங்களுக்கு ஈடாக வேறு யாரும் அவ்வளவு குறுகிய காலத்தில் எதையும் தந்ததில்லை என்பது என் முடிவான கருத்து. அந்த ஆண்டுகளில் இரவு பகலாக ஒலிப்பதிவுக் கூடத்திலேயே கிடந்தார். ‘சாங்ஸ் இன் த கீ ஆஃப் லைஃப்’ இரட்டை இசைத்தட்டிலும் அடங்காமல், நான்கு பாடல்கள் கொண்ட ஒரு சிறு தட்டை உறைக்குள் சேர்த்து வைக்க வேண்டியிருந்தது. அப்படியானால் சேராதவை எத்தனை இருக்கும்! அந்த ஐந்தில் ஒன்றுக்குக்கூட, வெளிவராத பதிவுகளோடு விரிவுபடுத்திய பதிப்பு இதுவரை வரவில்லை. உலகம் முழுவதும் சோல் ரசிகர்களின் விருப்பப் பட்டியலில் முதல் வரி இதுதான். கேட்பதில் தவறில்லை. தருவது அவர் விருப்பம்.

மோசமான மறுபதிப்புகளும் உண்டு. நான் ஆசையாகக் காசு சேர்த்து வாங்கிய ஒன்றில், எல்லா ஒலியையும் ஒரே உச்சத்துக்கு ஏற்றி நசுக்கியிருந்தார்கள். மெல்லப் பாடுவதும் உரக்கப் பாடுவதும் ஒரே அளவில் ஒலித்தன. சோல் பாடகர் தாழ்ந்த குரலில் தொடங்கி மேலே ஏறுவதற்குத்தானே நாம் காத்திருக்கிறோம். ஏறும் படியையே எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? டேப்பின் இரைச்சலை நீக்குகிறேன் என்று பாடகர் மூச்சை இழுக்கும் ஒலியையும் சேர்த்து வழித்துவிடுகிறார்கள். மூல ஆல்பத்தின் கடைசிப் பாட்டு முடிந்து, அந்த அமைதியில் நாம் இருக்கும்போதே, அடுத்த நொடி ஏதோ ஒரு மாற்று டேக் ஆரம்பமாகிறது. தயவுசெய்து மூல ஆல்பத்தைத் தனித்தட்டில் விடுங்கள். கூடுதல் எல்லாம் இன்னொரு தட்டில் இருக்கட்டும்.

இன்னொரு குறையும் உண்டு. ஐரோப்பியச் சட்டப்படி, பதிவு செய்த 50 ஆண்டுக்குள் வெளியிடாத பதிவுக்குப் பாதுகாப்பு போய்விடும். அதற்காக மோட்டவுனின் 60-களின் பதிவுகள் ஆண்டு முடிவுகளில் கட்டுக் கட்டாக டிஜிட்டலில் மட்டும் வெளியிடப்பட்டன. கிடைத்தது மகிழ்ச்சிதான். ஆனால் யார் வாசித்தார்கள், என்று பதிவானது, ஏன் ஒதுக்கினார்கள் என்று சொல்லும் ஒரு நூல் அதனோடு இல்லை. சட்டத்துக்காகத் திறந்த கதவு அது.

அதனால், அன்பர்களே, மறுபதிப்பு வாங்கும்போது பாடல் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். சிறு நூலைப் புரட்டிப் பாருங்கள். டிரம்ஸ் வாசித்தவர் பெயர் இருக்கிறதா? பின்னணி பாடிய மூன்று பெண்களின் பெயர் இருக்கிறதா? எந்த டேப்பிலிருந்து எடுத்தோம் என்று சொல்லியிருக்கிறார்களா? இல்லையென்றால் அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பல நல்ல பதிப்புகள் ரசிகர்கள் விடாமல் கேட்டதால்தான் வந்தன.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாட்டின் டெட்ராய்ட் மிக்ஸை முதலில் கேளுங்கள். பிறகு, 1971-இல் வெளிவந்ததைக் கேளுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோனில்.